எந்த நாடாவிலிருந்து? – வாசகர் கேள்வி பதில்

ஹெவி ராக், மின்னணு இசை ஆகியவற்றின் பழைய ஆல்பங்கள் உருவான விதம் பற்றியும், அவை மீண்டும் மீண்டும் புது அட்டையோடு வெளிவருவது பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். இந்த இதழில் முழுப் பகுதியையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒரே ஆல்பத்தை ஒருமுறை 'ரீமாஸ்டர்' என்றும் இன்னொரு முறை 'ரீமிக்ஸ்' என்றும் விற்கிறார்கள். உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது விற்பனைக்காக வைத்த பெயர்களா? (மதுரை வாசகர்)

வேறுபாடு உண்டு, அதுவும் பெரிய வேறுபாடு. ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் ஆகியவை அகலமான நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிவாகின்றன. எந்தத் தடம் எவ்வளவு ஒலிக்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எதற்கு எதிரொலி என்றெல்லாம் முடிவுசெய்து அவற்றை இரண்டே தடங்கள் கொண்ட ஸ்டீரியோ நாடாவில் இறக்குவது மிக்சிங். அப்படி இறக்கிய நாடாவை இசைத்தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஒலியளவும் கனமும் கூர்மையும் பார்த்துச் சீர்செய்வது மாஸ்டரிங். ரீமாஸ்டர் செய்பவர் முடிந்துபோன ஸ்டீரியோ நாடாவிலிருந்து வேலையைத் தொடங்குகிறார். அவரால் டிரம்ஸை மட்டும் தனியாகப் பிரித்து உயர்த்த முடியாது. ரீமிக்ஸ் செய்பவரோ பல தட நாடாவையே திறக்கிறார். முதல் வெளியீட்டில் அமுங்கிக் கிடந்த ஒரு கிட்டார் துணுக்கை அவர் முன்னுக்குக் கொண்டுவந்துவிடலாம், விரும்பினால் ஒன்றை அடியோடு எடுத்தும் விடலாம்.

டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை வைத்து இதைப் பார்க்கலாம். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில், ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த கசினோவில் பதிவுசெய்வதற்காக அவர்கள் போயிருந்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் கூரையை நோக்கிச் சுட்ட ஒளிக்குண்டால் தீப்பிடித்துக் கசினோ எரிந்து போனது. வேறு இடம் தேடி அலைந்த குழு, குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளைத் தடுப்பாக நிறுத்தி வைத்து வாசித்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி வண்டிவரை நடக்க வேண்டும். அதற்குச் சலித்துப்போய், நன்றாக அமைந்தது என்று மனத்துக்குப் பட்டால் திரும்பக் கேட்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆல்பத்தில் இன்றும் மங்காத விறுவிறுப்புக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

1997இல், வெளியாகி 25 ஆண்டுகள் ஆனதையொட்டி, குழுவின் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவர் பல தட நாடாக்களைத் திறந்து புதிதாக மிக்ஸ் செய்தார். முதல் வெளியீட்டில் இடம்பெறாமல் போன 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' என்ற பாடலும் அப்போது சேர்ந்தது. 2024இல் இன்னொரு ரீமிக்ஸ் வந்தது. அதைச் செய்தவர் டுவீசில் ஸாப்பா, அதாவது கசினோ எரிந்த அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன். இரண்டு முறையும் பழைய மிக்ஸின் ரீமாஸ்டரையும் கூடவே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். புதியதைக் கேட்டுப் பிடிக்காதவர் பழையதற்குத் திரும்ப வழியிருக்கிறது. ரீமிக்ஸ் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த வழியை அடைத்துவிட்டு வருமானால் அதை நான் ஏற்க மாட்டேன்.

பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது என்பது உண்மையா? அவ்வளவு கனமான ஒலி அந்தக் காலத்துக் கருவிகளில் எப்படிச் சாத்தியமாயிற்று? (சென்னை வாசகி)

உண்மைதான். 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் கூடத்தில் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குள் பதிவை முடித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம். மேடையில் பலமுறை வாசித்துப் பழகிய பாடல்களைச் சேர்ந்து நின்று அப்படியே வாசித்தார்கள். தொடக்கத்தில் கேட்கும் மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13ஆம் தேதி, மேல்நாட்டார் அபசகுனமாகக் கருதும் வெள்ளிக்கிழமையில், வெர்ட்டிகோ நிறுவனம் அதை வெளியிட்டது.

கனத்துக்கான காரணத்தைக் கருவியிலும் தேட வேண்டும், கையிலும் தேட வேண்டும். கிட்டார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், எந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, தந்தி வழுக்காமல் இருக்க அதன்மேல் தோல் துண்டை ஒட்டிக்கொண்டார். வழக்கமான தந்திகள் அந்த விரல்களுக்கு மிகவும் விறைப்பாக இருந்ததால், பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் பூட்டிப் பார்த்தார். பின்னர் 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் சுருதியையே மூன்று அரைச்சுரங்கள் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலியோ இருண்டு கனத்தது. இன்றும் ஹெவி மெட்டல் குழுக்கள் சுருதியைத் தாழ்த்தி வாசிக்கும் பழக்கத்தின் வேரில் இந்தக் காயமும் இருக்கிறது.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று சுரத் தொடர், ஆதார ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குத் தாவி, பிரதி மத்திமத்தில் வந்து நின்று அதிர்கிறது. நம் காதுக்கு ஷட்ஜமும் பிரதி மத்திமமும் சேர்வது புதிதன்று. கல்யாணியில் அது குழைந்து வரும். பஞ்சமத்தின் துணையின்றி, பெருத்த ஒலியில், மிக மெதுவாக அதையே மீட்டும்போது வேறோர் அச்சம் பிறக்கிறது.

இந்த ஆல்பத்தை மறுவெளியீட்டில் கேட்கும்போது, பாட்டு தொடங்குவதற்கு முன்னும் கிட்டார் ஓயும் இடங்களிலும் நாடாவின் மெல்லிய இரைச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரைச்சலைக் கணினியால் துடைத்தெடுக்க முடியும். அளவு மீறித் துடைத்தால் மணியோசையின் வாலும் சிம்பலின் ஓய்வும் கூடவே போய்விடும். கூடத்தின் காற்றே இல்லாதது போன்ற வறண்ட அமைதிதான் மிஞ்சும். இரைச்சலோடு இருப்பதே எனக்கு வேண்டும்.

180 கிராம் இசைத்தட்டு என்றால் ஒலி மேலானதா? (திருநெல்வேலி வாசகர்)

தட்டின் எடை ஒலியைத் தீர்மானிப்பதில்லை. கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் எடுத்தால் திருப்தியாக இருக்கும். பள்ளத்தில் என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். 120 கிராம், 140 கிராம் எடையில் வந்த பழைய அச்சுகளில் மிகச் சிறந்தவை ஏராளம்.

புதிதாக அச்சிட்ட ஒரு மின்னணு ஆல்பத்தின் இசைத்தட்டு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாடல் கரகரவென்று ஒலிக்கிறது. ஆலைக் குறையா? (கோவை வாசகர்)

ஆலைக் குறையாக இருக்கலாம். ஆனால் இசைத்தட்டின் இயல்பிலேயே இதற்கு ஒரு காரணம் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி விளிம்பில் அந்த 1.8 விநாடியில் ஊசி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளப் பள்ளத்தைக் கடக்கிறது. உள்ளே, லேபிளை ஒட்டிய பகுதியில், அதே நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே கடக்கிறது. அதே அளவு ஒலியை அரைப்பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் சிம்பல், டிரம் மெஷினின் 'ஹை ஹேட்', குரலின் 'ஸ', 'ஷ' ஒலிகள் முதலில் சிதைகின்றன. அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் மென்மையான பாடலை வைக்க விரும்பியதில் இதற்கும் பங்குண்டு.

மின்னணு இசைக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அடிநாதம் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறாக ஒலித்தால் ஊசி மேலும் கீழுமாகக் குதிக்கும். ஆகையால் லாக்கர் எனப்படும் மூலத் தட்டில் பள்ளம் வெட்டும் பொறியாளர் அடிநாதத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்த லாக்கருக்கு வெள்ளிப் பூச்சிட்டு, நிக்கல் முலாமேற்றி அச்சு எடுத்து, அதைக் கொண்டுதான் தட்டுகளை அழுத்துகிறார்கள். சிடிக்காக உரத்த ஒலியில் தயாரித்த கோப்பையே மாற்றமின்றி லாக்கருக்கு அனுப்பும் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் 25 நிமிடத்துக்குமேல் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தட்டை நல்ல ஊசியுள்ள வேறொரு கருவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கும் கரகரத்தால், வாங்கிய கடையில் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

மின்னணு இசையில் எல்லாவற்றையும் எந்திரமே வாசிப்பதால் மறுவெளியீடு எளிதுதானே? (சேலம், கல்லூரி மாணவர்)

டேஞ்சரின் டிரீம் குழுவின் 'ஃபீட்ரா' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு வருவோம். எட்கர் ஃப்ரோசே, கிறிஸ்டோபர் ஃபிராங்க்கே, பீட்டர் பவ்மன் ஆகிய மூவரும் 1973 நவம்பரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள மேனர் கூடத்துக்கு வந்து அதைப் பதிவுசெய்தார்கள். 1974 பிப்ரவரியில் வெர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. அவர்கள் கொண்டுவந்த மூக் சின்தசைசரில், ஒரே சுரத் தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் சீக்வென்சர் இருந்தது. அக்கருவியில் ஒலி அலைகளை உண்டாக்கும் அலையியற்றிகள் சூட்டுக்கு இசைந்து சுருதி மாறுபவை. காலையில் மணிக்கணக்கில் சுருதி சேர்த்தாலும், மின்சாரம் பாய்ந்து உள்ளே சூடேற ஏறச் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆல்பத்தின் பெயரையே தாங்கிய, 17 நிமிடத்துக்கு நீளும் பாட்டில் பேஸ் தொடர் மெல்லப் பிறழ்வதைக் காது கொடுத்தால் நன்றாகவே கேட்கலாம். அதைப் பிழையென்று தள்ளாமல் பாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எந்திரம் வாசித்தது என்று நீங்கள் சொல்லும் அந்த இசையை, எந்திரத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டி அவர்கள் பெற்றார்கள்.

இன்றைய கணினியில் அந்தச் சுருதிப் பிறழ்ச்சியைச் சில நிமிடங்களில் நேர்செய்துவிடலாம். செய்தால் 'ஃபீட்ரா' செத்துவிடும். 2019இல் அக்குழுவின் வெர்ஜின் காலப் பதிவுகளைத் திரட்டி 'இன் சர்ச் ஆஃப் ஹேடிஸ்' என்ற பெட்டித் தொகுப்பு வந்தபோது, ஸ்டீவன் வில்சன் இந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார். அறையைச் சுற்றி ஒலிபெருக்கிகள் வைத்துக் கேட்கும் 5.1 வடிவத்தையும் தந்தார். அடுக்குகள் விலகி ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கின்றன. சுருதியோ அன்று நகர்ந்தபடியேதான் இன்றும் நகர்கிறது. கைவைக்கக் கூடாத இடம் எது என்று அறிந்தவர் செய்த வேலை அது.

பிளாக் சப்பாத் பாடகராக இருந்த ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களின் 2002 பதிப்பை வாங்க வேண்டாம் என்கிறார்களே, ஏன்? (புதுச்சேரி வாசகர்)

மறுவெளியீட்டின் பெயரால் நடந்த மிகத் தவறான காரியங்களில் ஒன்று என்பதால்தான். 'பிளிசர்ட் ஆஃப் ஓஸ்' 1980இலும் 'டயரி ஆஃப் எ மேட்மேன்' 1981இலும் வெளிவந்தன. ராண்டி ரோட்ஸ் கிட்டார். பாப் டெய்ஸ்லி பேஸ். லீ கெர்ஸ்லேக் டிரம்ஸ். 1982 மார்ச்சில் ரோட்ஸ் விமான விபத்தில் இறந்துவிட்டதால், அவர் ஓஸியோடு கூடத்தில் இருந்து பதித்த முழு ஆல்பங்கள் இவை இரண்டே. பின்னாளில் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் உரிமைத்தொகை கோரி வழக்குத் தொடுத்தார்கள். 2002 பதிப்பில் அவர்கள் இருவரின் வாசிப்பையும் நாடாவிலிருந்து நீக்கிவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் கொண்டு அதே பகுதிகளைப் புதிதாக வாசிக்கவைத்து ஒட்டினார்கள்.

புதிதாக வாசித்த இருவரும் தேர்ந்த கலைஞர்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனாலும் ரோட்ஸின் கிட்டார், தன்னோடு அதே அறையில் நின்றவர்களின் தாளத்துக்குப் பதில் சொல்லி வாசிக்கப்பட்டது. டிரம்ஸ் கலைஞர் ஒரு நொடியின் சிறு பங்கு முந்தியதற்கும் பிந்தியதற்கும் அந்தக் கிட்டார் இசைந்து கொடுத்திருக்கிறது. கேள்வியை அழித்துவிட்டு வேறொரு கேள்வியை அதே பதிலுக்கு முன்னால் வைத்தால் பதில் பொருந்துமா? ரசிகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின், 2011 பதிப்பில் டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் இருவரின் வாசிப்பும் திரும்ப வந்தது. அந்தப் பதிப்பையோ தொடக்க கால அச்சையோ வாங்குங்கள்.

புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த கெர்ஸ்லேக், தாம் வாசித்த இந்த ஆல்பங்களுக்கான பிளாட்டினத் தட்டுகள் தம் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்று ஓஸிக்கு எழுதிக் கேட்டார். அவை அவருக்குக் கிடைத்தன. 2020 செப்டம்பரில் அவர் காலமானார்.

பழைய ஒலிநாடாவை அடுப்பில் வைத்துச் சூடாக்குவார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டிலும் பழைய ஸ்பூல் நாடாக்கள் இருக்கின்றன. நாங்களும் செய்யலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

தயவுசெய்து வேண்டாம். 1970களிலும் 80களிலும் வந்த சில நாடாக்களில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 406, 456 வகைகளில், காந்தத் துகளை நாடாவோடு ஒட்டும் பசை காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் நாடா கீச்சிடும், நின்றுபோகும், துகளே உரிந்து கருவியில் ஒலியைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொள்ளும். உரிந்தால் இசையும் போயிற்று. இதற்காக வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் பெட்டியில் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுகிறார்கள். பிறகு சில வாரங்கள் நாடா சீராக ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் காலத்து ராக் ஆல்பங்களின் மூல நாடாக்கள் பலவற்றை இப்படித்தான் மீட்டார்கள்.

எல்லா நாடாவுக்கும் இது மருந்தாகாது. அதற்கு முந்திய அசிட்டேட் நாடாக்களைச் சூடாக்கினால் நொறுங்கிச் சுருண்டு கெட்டுவிடும். சமையலறை அடுப்பில் வெப்பம் சீராகவும் இருக்காது. உங்கள் நாடாக்களை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, இத்தொழில் தெரிந்தவரிடம் முதலில் நாடாவின் வகையைக் காட்டுங்கள்.

இந்தியாவில் வெளிவந்த மின்னணு ஆல்பம் ஏதேனும் உலக அளவில் மறுவெளியீடு கண்டிருக்கிறதா? (திருச்சி வாசகி)

சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர் அவர். ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர் 8 சின்தசைசர், டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 பேஸ் கருவி ஆகிய மூன்றையும் இணைத்து, பைரவ், லலித், தோடி, யமன், மால்கௌன்ஸ் முதலான பத்து ராகங்களை 1982இல் டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார், எச்.எம்.வி. வெளியிட்டது. அப்போது அது பெரிய கவனம் பெறவில்லை.

டிபி 303 தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாக பேஸ் ஒலி தருவதற்காக 1981இல் வந்த சிறு பெட்டி. எதிர்பார்த்தபடி விற்காமல் 1984இலேயே உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதை சிகாகோ இளைஞர்கள் வாங்கித் திருகிப் பார்த்ததில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை வகை பிறந்தது. ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவந்தது 1987இல். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, சிகாகோவுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், பம்பாயில் ஒருவர் ஏறக்குறைய அதே ஒலியை எட்டியிருக்கிறார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. ராகம் அறிந்த கைக்கு அது இந்துஸ்தானியின் 'மீண்ட்' போலவும் நம் 'ஜாரு' போலவும் பயன்பட்டது. மால்கௌன்ஸ் பதிவைக் கேளுங்கள், நமக்கு அது இந்தோளம். அடியில் டிரம் மெஷின் விடாமல் அடிக்க, மேலே ராகம் தன் நிதானத்தை இழக்காமல் நடக்கும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பவ்மன் 2002இல் டெல்லியில் ஒரு கடையில் இந்த இசைத்தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் தம் 'பாம்பே கனெக்‌ஷன்' வழியாக மறுவெளியீடு செய்தார். முதுமையில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இதை வாசித்தார், 2015இல் மறைந்தார். மறுவெளியீடு என்ற தொழில் இருப்பதற்கு இந்த ஒன்றே போதிய நியாயம் என்று சொல்வேன். வந்து சேரவேண்டிய கேட்பாளர்களை 28 ஆண்டுகள் கழித்தாவது, கலைஞர் உயிரோடு இருக்கும்போதே, அது அவரிடம் சேர்த்தது.

புதிய ரீமாஸ்டர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு உரக்க ஒலிக்கின்றன? (ஈரோடு வாசகர்)

சிடியில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்குமேல் போக முடியாது. பாட்டு இன்னும் உரக்கக் கேட்க வேண்டுமென்றால், மெல்லிய பகுதிகளை வரம்பு வரைக்கும் தூக்கிவிட்டு, முட்டும் முனைகளை நசுக்க வேண்டும். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008இல் வந்தபோது ஒலி கிழிவதாக ரசிகர்கள் முறையிட்டார்கள். 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்கள் நசுக்கப்படாமல் மூச்சுவிட்டு ஒலிப்பதை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புவதால், நசுக்கியவருக்குக் கிடைத்த ஆதாயமும் போய்விட்டது. நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே நிற்கிறது.

கிராஃப்ட்வெர்க் குழுவின் முதல் மூன்று ஆல்பங்கள் எந்தப் பெட்டித் தொகுப்பிலும் இல்லையே? (சிங்கப்பூர் வாசகர்)

1970, 1972, 1973 ஆண்டுகளில் வெளிவந்த அந்த மூன்றையும் குழு இதுவரை முறையாக மறுவெளியீடு செய்யவில்லை. 2009இல் வந்த 'தி கேட்டலாக்' தொகுப்பும் 1974இன் 'ஆட்டோபான்' ஆல்பத்திலிருந்தே தொடங்குகிறது. தம் வரலாறு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் புல்லாங்குழலும் வயலினும் மின்னொலியும் கலந்து, இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கும் அந்த இசையை இன்று கேட்க விரும்புபவர், யாரோ பழைய இசைத்தட்டிலிருந்து பிரதியெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்பைத்தான் நாட வேண்டியிருக்கிறது. மூல நாடாவிலிருந்து ஒரே ஒரு நல்ல பதிப்பு வந்தால் அந்த வணிகம் அன்றோடு நின்றுவிடும். குழுவின் நிறுவனர்களில் ஒருவரான ரால்ஃப் ஹூட்டர் அதற்கு இசைய வேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை திருட்டுப் பதிப்பை வாங்காதீர்கள். 1970களின் அசல் தட்டு நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.